ஸ்கெலிட்டன் க்ரீக்கில் ஒரு நுணல்

மெல்பர்னுக்கு மேற்கே ட்ருகனினாவில் வீடு வாங்கினால் கூடவே இரண்டு சாமான் இலவசம். ஒன்று, கொல்லையில் எங்கே மண்வெட்டி போட்டாலும் 'டங்'கென்று இடிக்கிற கருங்கல். இன்னொன்று, காலை எட்டேகால் மணிக்கு லீக்ஸ் ரோட்டில் வண்டிகள் நிற்கிற நிற்பு. கல்லைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ரோடு.

பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர்தான். போய்ச் சேர 20 நிமிஷம், மழை பெய்தால் அரை மணி. பின்சீட்டில் 9 வயது மகளும் 6 வயது மகனும். இந்த இருபது நிமிஷத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் எங்கள் வீட்டின் பெரிய பிரச்சினையாக இருந்தது. போனைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு போன், இரண்டு கை, மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பாட்டுப் போட்டுப் பார்த்தேன். சின்னவனுக்கு ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதையே பதினான்கு தடவை கேட்பான். பதினைந்தாவது தடவை நான் வண்டியை ஓரங்கட்டி அழுதிருப்பேன். அதற்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு தோழி காப்பாற்றினாள். "பாட்காஸ்ட் போடேன், சின்னப் பிள்ளைகளுக்கு என்றே நிறைய இருக்கிறது" என்றாள்.

(வலையொலி என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. கூட்டங்களில் சொல்வேன். காரில் பின்னாலிருந்து "அம்மா, பாட்காஸ்ட்!" என்றுதான் குரல் வருகிறது. இந்தப் பதிவிலும் அப்படியே இருக்கட்டும்.)

ஆரம்பத்தில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் அமெரிக்கச் சரக்கு. 2012-இல் தொடங்கிய 'பிரெய்ன்ஸ் ஆன்', என்.பி.ஆர். வானொலி 2017-இல் குழந்தைகளுக்கென்று முதன்முதலாக வெளியிட்ட 'வாவ் இன் தி வேர்ல்ட்', வெர்மான்ட் மாநில வானொலியிலிருந்து வரும் 'பட் ஒய்' என்று வரிசையாகக் கேட்டோம். குறை சொல்லக் கூடாது, மூன்றும் கெட்டிக்காரர்கள் செய்கிற வேலை. 'பிரெய்ன்ஸ் ஆன்' நிகழ்ச்சியில் நடுவில் ஒரு மர்ம ஒலியைப் போட்டு, அது என்ன என்று கேட்பார்கள். அந்த ஒரு நிமிஷம் என் காரில் ஊசி விழுந்தால் கேட்கும். 'பட் ஒய்' முழுக்கவும் பிள்ளைகள் அனுப்பும் கேள்விகளால் ஓடுகிறது. கேட்கிற குரல் மழலை மாறாமல் இருக்கும். பதில் சொல்கிறவர்களும் குழைந்து குழைந்து பேசாமல் பெரிய மனிதரிடம் பேசுவதுபோல் நேராகப் பதில் சொல்வார்கள். எனக்கு அது பிடித்தது.

'வாவ் இன் தி வேர்ல்ட்' வேறு ரகம். இரண்டு பேர் கத்துவார்கள், ஓடுவார்கள், விழுவார்கள், நடுவில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சொல்லிவிட்டு மறுபடி விழுவார்கள். பிள்ளைகளுக்கு உயிர். எனக்குத் தலைவலி. ஆனால் என் மகள் ஒருநாள் சோறு ஊட்டும்போது நட்சத்திர மீனுக்கு மூளை இல்லை என்று சொல்லிவிட்டு, "அப்ப அதுக்கு எப்படிம்மா பசிக்கும்?" என்றாள். அன்றைக்குத் தலைவலியை மன்னித்தேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்குப் போகும் வழியில், விளக்குக் கம்பத்தில் ஒரு பறவை உட்கார்ந்து அருமையாகக் குழைத்துக் குழைத்துப் பாடிக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையும். சின்னவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அம்மா, அதுதான் ராபினா?" என்றான்.

அது மாக்பை. இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, எதிரே உட்கார்ந்து பாடுகிற மாக்பையைப் பார்த்து அமெரிக்க ராபின் என்கிறான். சிப்மங்க் என்றால் என்ன, அது குளிர்காலத்துக்குக் கன்னத்தில் எப்படிக் கொட்டை சேர்க்கும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். நம் தெருவில் செப்டம்பரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் மண்டையைக் குறிவைத்துப் பாய்கிற பறவை எது என்று தெரியாது. மார்ச் மாதத்தில் "இதோ வசந்தம் வந்துவிட்டது" என்று பாட்காஸ்ட் சொல்லும். வெளியே எங்களுக்கு இலை உதிர ஆரம்பித்திருக்கும்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? மன்னார்குடிப் பக்கத்தில் பள்ளியில் டாஃபடில் பூவைப் பற்றிப் பத்து மதிப்பெண் எழுதினேன். டாஃபடில் என்பது மஞ்சளா நீலமா என்று தெரியாமலே எழுதினேன். பள்ளிக்குப் போகும் வரப்போரத்தில் பூத்துக் கிடந்ததற்குப் பெயர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தவறு கடல் கடந்து வந்து என் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதாகப்பட்டது.

அதற்கப்புறம் தேடியதில்தான் ஆஸ்திரேலிய அரசு வானொலியான ஏ.பி.சி.யின் 'நாய்ஸி பை நேச்சர்' அகப்பட்டது. டாக்டர் ஆன் ஜோன்ஸ் நடத்துவது. இதே அம்மாள் பெரியவர்களுக்காக 'வாட் தி டக்' என்று ஒன்று நடத்துகிறார். தலைப்பே குறும்பு. பிள்ளைகளுக்கான இந்தத் தொடரில் ஒரு காட்டுக்கோ கரைக்கோ நம்மைக் கூட்டிப்போய் நிறுத்தி, கேட்கச் சொல்கிறார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவரும் வாயை மூடிக்கொள்கிறார். காற்று, ஒரு பூச்சி, தூரத்தில் ஒரு பறவை, மறுபடி காற்று.

முதல் நாள் சின்னவன், "பேட்டரி போயிடுச்சா?" என்றான்.

குழந்தைகளுக்கான நிகழ்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. மூன்று விநாடி யாரும் பேசாமல் இருந்தால் பிள்ளை வேறு எதற்காவது மாறிவிடும் என்ற பயம். அதனால்தான் இடைவிடாத இசை, இடைவிடாத சிரிப்பு. இந்த அம்மாள் பயப்படவில்லை. ஒரு வாரம் கழித்து என் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மகள் கண்ணாடியை இறக்கி, வெளியே காதைக் கொடுத்து, "லாரி, லாரி, இன்னொரு லாரி, மாக்பை" என்று பட்டியல் போட ஆரம்பித்தாள். இங்கே கிடங்குகள் அதிகம், லாரிக்குக் குறைவில்லை.

ஏ.பி.சி.யிலேயே 'ஷார்ட் அண்ட் கர்லி' என்று இன்னொன்று 2016-இலிருந்து இருக்கிறது. அது அறிவியல் அல்ல, அறம். எது சரி, எது தப்பு என்று பிள்ளைகளோடு வாதம் செய்வது. நடுவில் நிறுத்தி, "இப்போது நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்" என்பார்கள். பேசினோம். அதில் எங்கள் வீட்டில் மூண்ட சண்டைகள் தனிப் பதிவுக்கு ஆகும். ஆனால் நிறுத்துகிற அந்த வழக்கம் மட்டும் எங்களோடு ஒட்டிக்கொண்டது. எந்த பாட்காஸ்டையும் நடுவில் நிறுத்தலாம். நிறுத்தத் தோன்றினால் அது நல்ல பாட்காஸ்ட். இதுதான் இப்போது என் அளவுகோல்.

இனித் தவளைக்கு வருகிறேன்.

சிட்னியில் இருக்கும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017 நவம்பரில் 'ஃப்ராக்ஐடி' என்று ஒரு செயலியை வெளியிட்டது. டாக்டர் ஜோடி ரோலி என்ற தவளை ஆய்வாளர் தலைமையில் நடக்கிற வேலை. தவளை கத்துவதைப் போனில் ஒரு நிமிஷத்துக்குள் பதிவு செய்து அனுப்ப வேண்டியது. அங்கே ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, இன்ன தவளை என்று பதில் சொல்வார். படம் பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம், இருட்டில் துரத்த வேண்டாம். தவளையைக் கண்ணால் பார்க்காமலே கணக்கெடுக்கிற வித்தை. இப்படி நாடு முழுவதிலிருந்தும் வந்த பதிவுகள் சில லட்சங்களைத் தாண்டிவிட்டன. எங்கே எந்த இனம் இருக்கிறது, எங்கே குரல் நின்றுபோயிருக்கிறது என்பதற்கு இப்போது அதுவே பெரிய ஆவணம்.

ஒலி கேட்கப் பழகிய பிள்ளைகளிடம் இதைக் காட்டினால் சும்மா விடுவார்களா? அக்டோபரில் நேர மாற்றம் வந்து மாலை நீண்டிருந்தது. இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேரும் ஸ்கெலிட்டன் க்ரீக் கரைக்குப் போனோம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். எலும்புக்கூடெல்லாம் இல்லை, நாணல் மண்டிய சிறிய ஓடை. இருபுறமும் புது வீடுகள், நடுவே நடைபாதை, நாய் கூட்டிப்போகிறவர்கள்.

முதலில் கேட்டது கிளிக் கிளிக்கென்று ஒரு சத்தம். கண்ணாடிக் கோலிகளை ஒன்றோடொன்று உரசினாற்போல. அது கிரீனியா இனத்துச் சின்னத் தவளை, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, குளிர்காலத்திலும் கத்தும். அப்புறம் 'டக்டக்டக்' என்று சின்னத் துப்பாக்கி வெடிப்பதுபோல இன்னொன்று, சேற்றுப் புள்ளித் தவளை. அதற்குப் பிறகு, தண்ணீரின் மறுகரையில், எங்கிருந்தோ ஒரு 'போங்க்'.

ஒரே ஒரு போங்க். தந்தியைச் சுண்டிவிட்டுக் கையை எடுத்தாற்போல. கொஞ்சம் பொறுத்து எதிரிலிருந்து இன்னொன்று, சற்றே உயர்ந்த சுருதியில்.

சின்னவன் பதிவு செய்யும்போது குதித்துக்கொண்டு, "கேட்டுச்சு கேட்டுச்சு!" என்று கத்திவிட்டான். முதல் பதிவு போச்சு. இரண்டாவதில் ஒரு மோட்டார் சைக்கிள். மூன்றாவதில் என் தும்மல். நான்காவதுதான் தேறியது.

அது பாபிள்பாங்க். பாஞ்சோ தவளை என்றும் சொல்வார்கள், பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்தைச் சுண்டுவதுபோல் இருப்பதால். பின்னங்காலில் மண்வெட்டிபோல ஒரு மேடு இருக்கிறது. அதனால் மண்ணைப் பின்பக்கமாகத் தள்ளித் தள்ளி, நின்ற இடத்திலேயே புதைந்துபோகும். வறண்ட நாட்களில் மண்ணுக்குள் கிடக்கும். மழை வந்தால் வெளியே வந்து கூப்பிடும். தோட்டம் கொத்துகிறவர்கள் சிலசமயம் மண்கட்டி என்று நினைத்து எடுத்தால் கண் திறந்து பார்க்கும்.

மகள் அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் அம்மாச்சிக்கு அனுப்பினாள். ஊரில் அப்போது மதியம் இரண்டரை. அம்மா தூங்கியிருக்க வேண்டிய நேரம். ஆனால் பேரப்பிள்ளைகளின் குரல்பதிவு வந்தால் தூக்கமாவது ஒன்றாவது. ஐந்து நிமிஷத்தில் பதில்:

"ஏம்மா தங்கம், இது என்ன, திருவிழாவுல கொட்டாங்கச்சி பிடில் விக்கிறவன் தந்தியச் சுண்டிப் பாக்குற மாதிரில்ல இருக்கு! தவளயா இது? எங்கருந்து கத்துது, கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியலை அம்மாச்சி. மண்ணுக்குள்ள இருக்கும். மழை வந்தா வெளிய வந்து கத்தும்" என்று மகள்.

"அப்ப இது நுணல்டி. மணலுக்குள்ள கெடக்கும், கண்ணுலயே படாது. மழை பேஞ்சா சும்மா இருக்காம கத்திப்புட்டு மாட்டிக்கும். நுணல் தன் வாயால கெடும்னு சொல்லுவாங்கள்ல."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அந்தப் பழமொழியை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வாயாடுகிற பிள்ளைகளைப் பற்றி, அலுவலகக் கூட்டத்தில் தேவையில்லாமல் வாயைத் திறந்து வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிற என்னைப் பற்றி. நுணல் என்றால் ஏதோ தவளை என்ற அளவில் தெரியும். அது புதைந்து வாழ்கிற தவளை என்பது அந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கிறது. குரலை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதும் இருக்கிறது. ஃப்ராக்ஐடி செய்கிற வேலையும் அதுதானே?

என் மகள் விடவில்லை. செயலியில் படித்ததை வைத்துக்கொண்டு, "அம்மாச்சி, தவளை வாயை மூடிக்கிட்டுத்தான் கத்தும். காத்து உள்ளுக்குள்ளயே நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்கும் போயிட்டுப் போயிட்டு வரும். வாயால கெடாது" என்றாள். சரியான தகவல். தவளை பெரும்பாலும் வாய் திறக்காமல்தான் கூப்பிடுகிறது. கூப்பிடுவதும் ஆண்தான்.

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப தொண்டயால கெடும்னு வச்சுக்க. கெடுறது கெடுறதுதானே?"

(இதில் அம்மாவே ஜெயித்தாள் என்பது என் தீர்ப்பு. பனாமாக் காட்டில் ஆண் தவளைகளின் கூப்பாட்டைக் கேட்டே பறந்து வந்து கவ்விக்கொண்டு போகிற ஒரு வௌவால் இனம் உண்டு. உயிரியல் வகுப்புகளில் இன்றும் சொல்லித்தருகிற ஆராய்ச்சி அது.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாபிள்பாங்க்குக்கு நுணல் என்று பெயர். தவளை ஆய்வாளர்கள் மன்னிக்க வேண்டும், ஊர் நுணலும் இதுவும் ஒரே இனம் அல்ல என்று எனக்கும் தெரியும். இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் மாக்பையையும் ராபினையும் நினைத்து இங்கத்திப் பறவைகளுக்குப் பெயர் வைத்தபோது மட்டும் இனம் பார்த்தார்களா?

அம்மா அதோடு நிறுத்தவில்லை. அடுத்த நாள் மாலை ஊரில் ஐப்பசி மழை. கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கிணற்றடிப் பக்கம் போனை நீட்டி, இரண்டு நிமிஷம் தவளைக் கச்சேரியைப் பதிவு செய்து அனுப்பினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆன் ஜோன்ஸ் தோற்றார். லீக்ஸ் ரோட்டில் மறுநாள் அதைத்தான் போட்டோம். வெளியே 12 டிகிரி குளிர், உள்ளே மன்னார்குடி மழை. எனக்குக் கண் கலங்கியதைப் பின்சீட்டுக்காரர்கள் பார்க்கவில்லை.

இந்தக் குரல்பதிவுகள் இப்போது வாரம் இரண்டு என்று வருகின்றன. அதில் ஒன்றில்தான் ரேடியோ நெல் கதை வந்தது. டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலி நிலையம் அதைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. எப்படி நாற்று விடுவது, எவ்வளவு உரம், எப்போது தண்ணீர் கட்டுவது. விவசாயிகள் கேட்டார்கள், போட்டார்கள், விளைந்தது. அந்த நெல்லின் ரகப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ரேடியோவில் சொன்ன நெல், ஆகவே ரேடியோ நெல். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் ரேடியோவைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அப்படியே எழுந்து வயலைப் பார்க்கப் போவார்கள் என்று அம்மா சொல்கிறாள். குடும்பத்தோடு கேட்கிற அறிவியல் ஒலிபரப்பு நமக்கொன்றும் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அவர்கள் கேட்டு முடித்ததும் எழுந்து போனார்கள், அது முக்கியம்.

இந்த ஊரிலும் அப்படி வானொலியில் பேசிய ஒருவர் இருந்தார். பி. கிராஸ்பி மாரிசன், மெல்பர்ன்காரர். 1938-இல் 'வைல்ட் லைஃப்' என்ற மாதப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அந்தப் பத்திரிகையை மக்களிடம் கொண்டுபோக 3டி.பி. என்ற மெல்பர்ன் வானொலியில் வாரம் ஒருமுறை பேச ஆரம்பித்தார். கொல்லையில் வருகிற சிலந்தி, கரையில் ஒதுங்குகிற சிப்பி, வேலியில் உட்கார்கிற பறவை. இவ்வளவுதான் விஷயம். வீடுகளில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த மனிதர் 1957-இல் விக்டோரியா மாநிலத் தேசியப் பூங்காக்களின் முதல் இயக்குநராகி, அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஏ.பி.சி.யில் 'ஆர்கனாட்ஸ் க்ளப்' என்று சிறுவர் சங்கமே நடந்தது. 1933-இல் மெல்பர்னில் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 1941-இல் நாடு முழுவதற்குமாக மறுபடி தொடங்கி, 1972 வரை ஓடியது. பிள்ளைகளுக்குக் கப்பல் பெயரும் எண்ணும் கொடுப்பார்கள். பிள்ளைகள் எழுதி, வரைந்து அனுப்புவார்கள். கேட்டுவிட்டு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு அதிலும் இருந்திருக்கிறது.

இப்போது கல்லுக்கு வருகிறேன், சொன்னேன் அல்லவா.

எங்கள் கொல்லைக் கருங்கல் எரிமலைக் குழம்பு ஆறியது. மெல்பர்னின் மேற்குப் பக்கத்திலிருந்து தென் ஆஸ்திரேலிய எல்லையை நோக்கி விரிந்து கிடக்கும் எரிமலைச் சமவெளியின் கிழக்கு ஓரத்தில் எங்கள் வீடுகள் நிற்கின்றன. இங்கே ஏன் மரமே இல்லை என்று வந்த புதிதில் நான் அலுத்துக்கொண்டதுண்டு. இது இயல்பிலேயே புல்வெளி. வந்து குடியேறியவர்கள் ஆடு மேய்த்து, உழுது, கல் பெயர்த்து, கடைசியாக நாங்கள் வீடு கட்டி, மூலப் புல்வெளியில் மிஞ்சியது 2 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மிச்சத்தில் ஒரு துண்டு எங்கே இருக்கிறது தெரியுமா? ட்ருகனினா கல்லறைத் தோட்டத்தில். அங்கே யாரும் ஏர் ஓட்டவில்லை. அதனால் பட்டன் ரிங்கிள்வோர்ட் என்ற அருகிப்போன மஞ்சள் பூச்செடி இன்னும் அங்கே பூக்கிறது. பிள்ளைகளோடு போய்ப் பார்த்தோம், சத்தம் போடாமல்.

இந்தப் புல்வெளியில்தான் காதில்லா டிராகன் என்ற சிறிய பல்லி இருந்தது. 1969-க்குப் பிறகு யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 2023-இல் மெல்பர்னுக்கு மேற்கே அதை மறுபடி கண்டுபிடித்தார்கள். இடத்தை வெளியே சொல்லவில்லை, மெல்பர்ன் விலங்கியல் பூங்காவில் இனப்பெருக்கம் செய்ய ஏற்பாடு நடக்கிறது. இதைக் கேட்ட அன்று காரில் ஒரே கேள்வி: காதில்லாமல் அது எப்படிக் கேட்கும்? வெளியே துவாரம்தான் இல்லை, உள்காது இருக்கிறது, மேலே தோல் மூடியிருக்கிறது என்று தேடிப்பிடித்துச் சொன்னேன். சின்னவன் யோசித்துவிட்டு, "நாம ஹெட்ஃபோன் போட்ட மாதிரி" என்றான்.

ஊர்ப் பெயரையும் கேட்டார்கள். ட்ருகனினி என்ற டாஸ்மானியப் பூர்வகுடிப் பெண்ணின் பெயரிலிருந்து வந்தது. அவர் 1839-இல் இந்தப் பக்கம் கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகள் இங்கே இருந்து, 1876-இல் ஹோபார்ட்டில் இறந்தார். தன்னைப் புதைத்தால் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று அவர் பயந்தது அப்படியே நடந்தது. அருங்காட்சியகத்தில் 1947 வரை அவர் எலும்புகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். சாம்பலாக்கிக் கடலில் கரைக்க 1976 ஆனது. 9 வயதுக்காரியிடம் இதை முழுதாகச் சொன்னேன். 6 வயதுக்காரனிடம் பாதி. இதற்கு எந்தச் சிறுவர் நிகழ்ச்சியும் எனக்குக் கைகொடுக்கவில்லை, வண்டியை நிறுத்திவிட்டு நானே சொன்னேன்.

மறுபடி ஒலிக்கு வருகிறேன். சிட்னி தூங்காபியில் இருக்கிற என் தங்கைக்கு வேறு பிரச்சினை. செப்டம்பர் வந்தால் விடியற்காலை நாலு மணிக்குக் குயில். நம்ம ஊர்க் குயிலுக்குப் பங்காளி. வடக்கே நியூகினி, இந்தோனேசியப் பக்கமிருந்து வசந்தத்தில் வந்து இறங்குகிறது. அங்கே காக்கைக் கூட்டில் முட்டை இடுவதுபோல, இங்கே வாட்டில்பேர்ட் முதலான பறவைகளின் கூட்டில் வைத்துவிட்டுப் போகிறது. அக்கம்பக்கத்தார் தூக்கம் போகிறதென்று திட்டித் தீர்க்கிறார்கள். இவளோ ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பதிவு செய்து எனக்கு அனுப்புகிறாள், "அக்கா, கேளு, நம்ம புளியந்தோப்பு!" என்று. கூவுவது ஆண் குயில், நம் சினிமாப் பாட்டுக்காரர்கள் நூறு வருஷமாகப் பெண்ணைக் குயில் என்கிறார்கள் என்று என் மகள் அவள் சித்திக்குப் பாடம் எடுத்தாள். இயற்கையாளர் மா. கிருஷ்ணன் இதையெல்லாம் தமிழில் எப்போதோ எழுதிவிட்டார். அவர் கட்டுரைத் தொகுப்பின் பெயரே 'மழைக்காலமும் குயிலோசையும்'. அதிலிருந்து ராத்திரி ஒரு பக்கம் படித்துக் காட்டுகிறேன். பாதி புரிகிறது, மீதிக்கு நிறுத்திக் கேட்கிறார்கள். மேலே சொன்ன என் அளவுகோலின்படி நல்ல பாட்காஸ்ட்.

தமிழில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பாட்காஸ்ட்கள் இருக்கின்றன, கேட்கிறோம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' எண்பதுகளிலிருந்து வருகிறது, நான் அதைப் படித்து வளர்ந்தவள். ஆனால் கிணற்றடியில் போனை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற மாதிரி ஒன்று வேண்டும். காசு அதிகம் ஆகாது. மழை பெய்தால் போதும், பக்கத்தில் பேர் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். தவளை, பல்லி, கரிச்சான், செம்போத்து, சில்வண்டு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம். கடைசியில் ஊர்ப் பெயர், அந்த ஊரில் அதற்கு வழங்குகிற பெயர். யாராவது செய்துகொண்டிருந்தால் சுட்டி அனுப்புங்கள். இல்லையென்றால் உங்கள் அம்மாச்சி, அப்பாயி, ஆச்சி, தாத்தா யாரிடமாவது போனைக் கொடுத்துக் கொல்லைப் பக்கம் அனுப்புங்கள்.

ஃப்ராக்ஐடியிலிருந்து எங்கள் நான்காவது பதிவுக்குப் பதில் வந்துவிட்டது. பாஞ்சோ தவளைதான், உறுதி. கூடவே பின்னணியில் கிரீனியாவும் சேற்றுப் புள்ளித் தவளையும் கேட்டதாகப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். சின்னவன் அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறான். பாஞ்சோ தவளைக்கு நேரே 'நுணல்' என்று தமிழில், 'ண'வுக்கு ஒரு சுழி கூடுதலாக. மற்ற இரண்டுக்கும் எதிரே இடம் காலியாக இருக்கிறது. கோலிக்குண்டு உரசுகிற சத்தத்தில் கத்துகிற தவளைக்கும், துப்பாக்கி மாதிரி கத்துகிற தவளைக்கும் உங்கள் ஊரில் ஏதாவது பெயர் இருந்தால் எழுதுங்கள். தினமும் பள்ளிவிட்டு வந்ததும் கேட்கிறான்.